கேளுங்கள் சொல்கிறோம்: கல்யாணத்தால் உயர்ந்த டியூக்

கேள்வி: எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து மருமக்கத்தாய (தாய்வழிச் சொத்துரிமை) வீடுகளில் மனைவியின் தறவாட்டுச் (தாய்வழிக் கூட்டுக் குடும்ப) சொத்தில் கணவனுக்குப் பாத்தியதை இருந்ததில்லை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் தோழர் சார்லஸ் பிராண்டன் மட்டும் கல்யாணத்தாலேயே பெரிய ஆளானது எப்படி?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அன்றைய இங்கிலாந்தில் சட்டமே மாப்பிள்ளை பக்கம். தாலி ஏறாத குறைதான்; மோதிரம் மாற்றியதும் மனைவியின் நில வருமானம் கணவன் கைக்கு வந்துவிடும். உயிரோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், மனைவி இறந்த பிறகும் அவன் ஆயுள் முழுக்க அந்த நிலத்தை அனுபவிக்கலாம்.

பிராண்டனின் அப்பா 1485-ல் பாஸ்வொர்த் போரில் எட்டாம் ஹென்றியின் தந்தை ஏழாம் ஹென்றியின் கொடியைத் தாங்கி மாண்டவர். அதனால் பையன் அரண்மனையில் வளர்ந்தான். 1513-ல் எலிசபெத் கிரே என்ற வாரிசுச் சிறுமியோடு திருமண ஒப்பந்தம். அதை வைத்தே லைல் பிரபு பட்டம். கல்யாணம் நடக்கவேயில்லை! 1514-ல் சஃபோக் டியூக், அதாவது பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்.

1515-ல், பிரெஞ்சு அரசரை மணந்து விதவையாகியிருந்த எட்டாம் ஹென்றியின் தங்கை மேரியை அழைத்துவரப் பாரிஸ் போனவர், அங்கேயே ரகசியமாக மணந்துகொண்டார். அரசரின் அனுமதி இல்லை. தலை தப்பியதே பெரிது. அபராதம் 24,000 பவுண்டு, ஆண்டுக்கு 1,000 வீதம் தவணை. மேரிக்குப் பிரான்சிலிருந்து வரும் ஜீவனாம்சத்தை நம்பித்தான் கட்ட வேண்டும். இரு நாட்டுக்கும் சண்டை மூண்டால் அந்தப் பணம் நிற்கும், தவணையும் தவறும்.

தகப்பனை இழந்த மைனர் வாரிசை யாருக்குக் கட்டிவைப்பது என்ற உரிமை அன்று அரசருடையது. அவர் அதை விற்பார். 1526-ல் தகப்பனை இழந்த கேத்தரின் வில்லபியின் உரிமையை பிராண்டன் வாங்கினார், மகனுக்கென்று. 1533 ஜூனில் மேரி இறக்க, செப்டம்பரில் 14 வயது கேத்தரினைத் தாமே மணந்தார். அரண்மனைக்கே இது கொஞ்சம் அதிகம்தான். லிங்கன்ஷயர் நிலங்கள் அப்படி வந்தவை. பெண்ணின் சித்தப்பா உரிமை கேட்டுத் தகராறு செய்தும் பெரும்பகுதி கைவிட்டுப் போகவில்லை.