தூர்வாரிய மண்ணில் சுவர் எழுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஏரியைத் தூர்வாரி எடுத்த வண்டல் குவிந்து கிடக்கிறது. அதில் சிமெண்ட் கலந்து, சூளை வைக்காமல் அழுத்தக் கல் (அச்சில் அழுத்தி எடுக்கும் மண்கல்) போட்டோம். நாலே நாளில் வெடித்துவிட்டது. என்ன தவறு? (வாசகர், மதுராந்தகம்)

பதில்: உங்கள் மண்ணில் களிமண் அதிகம். காயும்போது களி சுருங்கும். அந்த இழுப்பைச் சிமெண்டால் தாங்க முடியாது. சிமெண்டைக் கூட்டினால் காசுதான் வீண். கூட்ட வேண்டியது மணலை.

மேலாக இருக்கும் கறுத்த, நாற்றமடிக்கும் மண்ணை முதலில் ஒதுக்குங்கள். மக்கிய இலையும் வேரும் கலந்த மண்ணில் சிமெண்ட் சரியாக இறுகாது. அது வயலுக்குப் போகட்டும். மீதியைக் காயவைத்து, கட்டி உடைத்துச் சலியுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், அதன்மேல் நுண்வண்டல், களி படிய ஒரு நாள் ஆகும். அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கலவையில் களி 20 சதவீதம் அளவில் இருப்பது நல்லது. பாட்டிலில் 40 சதவீதம் தெரிந்தால், மண்ணுக்குச் சம அளவு மணலோ கிரஷர் தூளோ சேருங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அது நனைந்தால் உப்பிவிடும். அதற்குச் சுண்ணாம்புதான் ஏற்றது.

100 கிலோ கலவைக்கு 6 கிலோ சிமெண்ட். நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகவே புரட்டிவிட்டு, பிறகு தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டானால் பதம் சரி; பொடியானால் தண்ணீர் போதாது; உடையாமல் கிடந்தால் அதிகம். அரை மணிக்குள் அழுத்தி முடிக்கும் அளவுக்கே கலக்குங்கள். 24×24×9 செ.மீ. கல்லானால் ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 90 கல் வரும்.

கல்லை நிழலில் அடுக்கி, முதல் இரண்டு நாள் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பிறகு 28 நாள்வரை ஈரம் காயவிடாதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடைசியில் ஒரு கல்லை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விளிம்பை ஆணியால் கீறுங்கள். சேறாக வழிந்தால் அதைச் சுவரில் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று: வட்டாட்சியர் அனுமதியில் இலவசமாக மண் எடுக்கும் வசதி விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்குமானது. கல் போட எடுப்பதானால் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: துறைமுக முகத்துவாரத்தில் வாரிய மணல் மலிவாகக் கிடைக்கிறது. கான்கிரீட்டுக்குப் போடலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வேண்டாம். அதிலுள்ள குளோரைடு உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து கான்கிரீட்டைப் பெயர்க்கும். கழுவிய மணலானாலும் ஆய்வகத்தில் குளோரைடு அளவைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். அஸ்திவாரத்துக்குள் நிரப்பினாலும் உப்பு சுவரேறிப் பூச்சை உதிர்க்கும்.

கேள்வி: இடித்த பழைய தளத்தை உடைத்து ஜல்லியாக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: தாராளமாக. ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை (2016) கம்பி போட்ட கான்கிரீட்டில், எம்25 (எம் எண் கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும்) வரை, ஜல்லியில் 20 சதவீதம் இதை அனுமதிக்கிறது. கம்பியில்லாததில் 25 சதவீதம். எம்15-க்குக் குறைந்த அடித்தளக் கான்கிரீட்டில் முழுவதுமே போடலாம். மரத்துண்டு, ஜிப்சம் பூச்சு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் பழைய சாந்து தண்ணீரை உறிஞ்சும். அதனால் முந்தின நாளே ஜல்லியை நனைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கலவை இறுகுகிறதென்று கொத்தனார் தண்ணீர் ஊற்றுவார். கான்கிரீட்டின் பலம் அங்கேயே போய்விடும்.