வீட்டிலேயே தினமும் பூஜை செய்கிறவர்கள் கோயிலுக்கும் போக வேண்டுமா?

கேள்வி: வீட்டில் தினமும் விளக்கேற்றிப் பூஜை செய்கிறோம். அப்படியும் கோயிலுக்குப் போவது கட்டாயமா? வெளியூர் போகும்போது வீட்டுப் பூஜை விட்டுப்போனால் தோஷமா?

கட்டாயம் இல்லை. யாரும் வருகைப் பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் பூஜை அறையைச் சின்னக் கோயிலாகவும், கோயிலைப் பெரிய பூஜை அறையாகவும் நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

சைவ ஆகமங்கள் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. தன் நலத்துக்காகத் தானே செய்துகொள்வது ஆத்மார்த்த பூஜை. ஊருக்கும் உலகத்துக்குமாகச் சிவாசாரியார் கோயிலில் செய்வது பரார்த்த பூஜை. முதலாவதைச் செய்கிறவர் நீங்கள். இரண்டாவது, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நடந்துகொண்டிருப்பது.

வீட்டில் சாமியை நாம் அழைக்கிறோம். காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுதல் என்று எது வந்தாலும் மஞ்சளைப் பிடித்து, உச்சியில் அறுகம்புல்லைச் செருகி, பிள்ளையாரை வந்து இருக்கச் சொல்கிறோம். காரியம் முடிந்ததும் கொஞ்சம் வடக்கே நகர்த்தி விடைகொடுத்துவிட்டு, பிறகு தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். எவ்வளவு உரிமையான உறவு பாருங்கள்! அதனால்தான் எங்கள் அப்பாயி வீட்டில் பெரிய விக்கிரகம் எதையும் வைக்க விடவில்லை. சுவாமி மலையிலிருந்து யாரோ வாங்கி வந்த முழங்கை உயரப் பஞ்சலோக முருகனைக்கூட, தினமும் அபிஷேகமும் நைவேத்தியமும் யார் செய்வது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். படங்கள், ஒரு குத்துவிளக்கு, வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல், அவ்வளவுதான் அவருடைய பூஜை.

கோயிலில் அப்படி முடியாது. குடமுழுக்குச் செய்து மூர்த்தியை நிலைநிறுத்திய நாளிலிருந்து பூஜை நிற்கக் கூடாது. பெரிய சிவன் கோயில்களில் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என்று ஆறு காலம். திருப்பணிக்காகக் கோபுரத்தில் சாரம் கட்டினாலும் பாலாலயம் என்கிற தற்காலிகச் சந்நிதி அமைத்து, அங்கே வழிபாட்டைத் தொடர்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997க்குப் பிறகு 2020இல்தான் நடந்தது. இடையிலும் பூஜை நடந்துகொண்டுதான் இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பக்தர்களுக்குத்தான் நடை சாத்தப்பட்டது. உள்ளே அர்ச்சகர்கள் காலம் தவறாமல் பூஜை செய்துகொண்டிருந்தார்கள். அந்த மே மாதம் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர் கூட்டமே இல்லாமல் நடந்தது. ஜனங்கள் நேரலையில் பார்த்தார்கள். அன்றைக்குச் சுமங்கலிப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது மதுரை வழக்கம். அந்த ஆண்டு வீட்டுப் பூஜை அறையிலேயே மாற்றிக்கொண்டார்கள். ஆனால் எந்த நேரத்தில்? அங்கே அம்மனுக்குத் திருமாங்கல்யம் ஏறிய நேரத்தில். நாள் பார்க்கக் கோயில் இல்லையென்றால் வீட்டுப் பூஜைக்குப் பிரதோஷமும் இல்லை, ஆடிப்பூரமும் இல்லை.

இந்த இடத்தில் யாராவது பூசலாரைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினாரே, காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவனே வந்து, நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், உன் விழாவைத் தள்ளிவை என்று சொன்னாரே, பிறகு கல்லும் சுண்ணாம்பும் எதற்கு என்பார்கள். பெரிய புராணத்தில் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பூசலார் முதலில் பொருள் தேடி அலைகிறார். கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் மனத்தில் கட்டத் தொடங்குகிறார். அப்போதும் சுருக்குவழி இல்லை: அடித்தளம், சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் எல்லாம் முறைப்படி எழுகின்றன, குடமுழுக்குக்கு நாளும் குறிக்கிறார். கோயில் வேண்டாம் என்றவர் செய்கிற வேலையா இது?

கோயில் ஊருக்குப் பொது என்று நான் சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. நெடுங்காலம் அது எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல். அதற்கு முன்பு எத்தனையோ தலைமுறைகளுக்கு வீட்டு மாடக்குழியும் ஊர் எல்லைச் சாமியும்தான் எல்லாமும். வீட்டுப் பூஜையைக் கோயிலுக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போவது என்று முடிவு செய்தால், சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கி, கட்டைக்குள் வரிசையில் நகர்ந்து, மூன்று விநாடி பார்த்துவிட்டுத் தள்ளப்படும் கோயிலுக்கு வருடத்துக்கு ஒருமுறை போவதைவிட, உங்கள் தெருக்கோடிக் கோயிலுக்கு அடிக்கடி போங்கள். ஒரு கால பூஜைக்கே வருமானம் இல்லாத கோயில்கள் தமிழ்நாட்டில் 12,000க்கும் மேல் அரசின் ஒரு கால பூஜைத் திட்டத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொடுத்தால் அன்றைக்கே அது திரியில் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த நேரம் அர்த்தஜாமம். கூட்டம் போயிருக்கும். சுவாமியின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள்; ஓதுவார் இருக்கிற கோயிலாக இருந்தால் பாட்டும் கிடைக்கும், அதன் பிறகு கையில் கொஞ்சம் பால். கேட்க வந்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோகிறது.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. சண்டிகேசுவரர் முன் போய் ‘செவிட்டுச் சாமி’ என்று ஓங்கிக் கைதட்டாதீர்கள், துணியிலிருந்து நூலைப் பிய்த்துப் போடாதீர்கள். அவர் கோயிலின் கணக்குப் பார்க்கிறவர். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிலம் வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரிலேயே நடந்திருக்கிறது. சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு கைகளையும் மெல்லத் துடைத்துக் காட்டினால் போதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தோஷமெல்லாம் இல்லை. சாவுத் தீட்டு வந்தால் கருமாதி முடியும்வரை வீட்டில் விளக்கேற்றாமல் இருக்கிறோமே, இடைவெளி விடுவதற்கு மரபிலேயே இடம் இருக்கிறது. (சில ஊர்களில் கோயில் தெருவில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை கோயில் நடையையே திறக்க மாட்டார்கள்.) படமும் விளக்கும் மட்டும் இருக்கிற வீடு என்றால் பூவை எடுத்துவிட்டு, விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு, நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். சாளக்கிராமமோ, குருவிடம் பெற்ற லிங்கமோ வைத்துப் பூஜை செய்கிற குடும்பம் என்றால் சேதி வேறு. அவர்கள் அதைக் கூடவே எடுத்துப் போவார்கள், அல்லது பூஜை தெரிந்த உறவினர் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் எந்த வகை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.