சுவரை விசாரித்துவிட்டுப் பலகை வாங்குங்கள்

(வீட்டு மரவேலை தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் அளிக்கிறார். இந்த இதழில், தட்டுகளை ஏற்றி இறக்கக்கூடிய சுவர் அலமாரி பற்றி வந்த கடிதங்கள்.)

கேள்வி: கூடத்துச் சுவரில் புத்தகம் அடுக்க, வரிசையாகத் துளைகள் உள்ள இரண்டு இரும்புச் சட்டங்களும் அவற்றில் மாட்டும் தாங்கிகளும் வாங்கிவிட்டேன். சட்டம் 4 அடி உயரம். பலகையும் 4 அடி நீளம். “இதற்கெல்லாம் எதற்குச் சட்டம்? தட்டுக்கு இரண்டு ‘எல்’ வடிவத் தாங்கி அடித்தால் போதும்” என்கிறார் எங்கள் ஆசாரி. யார் சொல்வது சரி? நானே மாட்டிவிட முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சட்டம் வாங்கியது சரி. இரண்டோடு நிறுத்தியதுதான் சரியில்லை. மூன்றாவது ஒன்றும் வாங்குங்கள். ஆசாரியோடு வாக்குவாதம் வேண்டாம். சாமி படமும் விளக்கும் வைக்க அவர் சொல்வது போதும். புத்தகத்துக்குப் போதாது.

காரணத்தைச் சொல்கிறேன். சாதாரணப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் அடிக்கு 8 முதல் 10 கிலோ வரும். பைண்டு செய்த பழைய வார இதழ்கள் என்றால் இன்னும் கூடும். 4 அடித் தட்டில் 40 கிலோ வரை ஏறுகிறது. இந்தப் பாரம் திருகைக் கீழ்நோக்கி மட்டும் அமுக்கினால் கவலையே இல்லை. செங்கல்லில் உட்கார்ந்த திருகு அதை எளிதாகத் தாங்கும். ஆனால் பலகை சுவரிலிருந்து 10 அங்குலம் வெளியே நிற்கிறது. அதனால் பாரம் தாங்கியின் தலையைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. 6 அங்குல உயரமுள்ள ‘எல்’ தாங்கியில் இந்தப் பிடுங்கலை எதிர்த்து நிற்பவை மேலே உள்ள ஒன்றிரண்டு திருகுகள்தான். 4 அடிச் சட்டத்தில் அதே இழுவை மேலிருந்து கீழ்வரை உள்ள எல்லாத் திருகுகளுக்கும் பங்காகிறது. சட்டத்தின் கீழ்ப்பகுதி சுவரில் ஊன்றிக்கொள்கிறது. தட்டுகளை ஏற்றி இறக்கலாம் என்பதற்காகத்தான் எல்லாரும் சட்டம் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பங்கீட்டுக்காகவே வாங்கலாம்.

மூன்றாவது சட்டம் பலகைக்காக. ஒரே கனமுள்ள பலகையில், அடிக்கு இத்தனை கிலோ என்று பாரம் ஒரே சீராக இருந்தால், தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை 2 அடியிலிருந்து 3 அடியாக்கும்போது தொய்வு ஒன்றரை மடங்கு ஆகும் என்றுதான் நினைப்போம். உண்மையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகிறது. கனத்தில் கணக்கு உங்களுக்குச் சாதகம்: 12 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே 18 மி.மீ. பலகை, சட்டத்துக்குச் சட்டம் 20 அங்குலம், இரு முனையிலும் 4 அங்குலம் வெளியே நீட்டல். 48 அங்குலம் கச்சிதமாக வந்துவிடும். துகள் பலகையை மலிவு என்று வாங்காதீர்கள். கடையில் நேராக இருக்கும். உங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் கழிந்ததும் நடுவில் வயிறு வைத்திருக்கும்.

இனி சுவருக்கு வருவோம். என் மாணவர்களிடம் துளை போடச் சொன்னால் எல்லாரும் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். நான் கீழே விழும் தூளைப் பார்க்கச் சொல்வேன். முதல் அரை அங்குலத்துக்குச் சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. பிறகு சிவப்பாக வந்தால் செங்கல், நிம்மதியாகத் தொடரலாம். சாம்பல் நிறமாகவே வந்து, பிட் முன்னேறாமல் அலறினால் பில்லரோ லிண்டலோ. சுத்தியல் விசையுள்ள டிரில் வேண்டும். சாம்பல் நிறம்தான், ஆனால் பிட் ஒழுங்காக இறங்குகிறது என்றால் சாம்பல் செங்கலாகவோ இரண்டு கல்லுக்கு இடையே உள்ள கலவையாகவோ இருக்கும். கலவை என்றால் ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். பிட் திடீரென்று வெற்றிடத்தில் பாய்ந்தால் ஹாலோ பிளாக். துளையில் செருகித் திருகை இறுகப் பிடிக்க வைக்கும் சாதாரண பிளக் அதற்கு உதவாது. உள்ளே போய் விரிந்து பின்பக்கம் பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பாரத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

செங்கல் சுவருக்கு 8 மி.மீ. பிட், 8 மி.மீ. நைலான் பிளக். நம்மில் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பிளக்கின் வாய் பூச்சின் மேற்பரப்போடு சமமாக நின்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பூச்சு பாரம் தாங்குவதற்காகப் போட்டதல்ல. 15 மி.மீ. பூச்சைத் தாண்டி, 40 மி.மீ. பிளக் முழுதும் செங்கல்லுக்குள் போக வேண்டும். அதற்கு 65 மி.மீ. ஆழத் துளையும் 60 மி.மீ. திருகும் தேவை. சட்டத்தோடு கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் குட்டைத் திருகுகளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துளையிலிருந்து தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைச் செருக வேண்டும். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

(இந்த நைலான் பிளக்கை 1958இல் ஜெர்மானியர் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கினார். அது நம்மூருக்கு வரும்வரை சுவரைக் குடைந்து மரக்கட்டையை இறுக்கி, அதில்தான் திருகு போட்டோம். பழைய வீட்டு மின் பலகைகளுக்குப் பின்னால் அந்தக் கட்டைகள் இன்னும் இருக்கும். கரையான் தின்றிருக்காவிட்டால்.)

துளை போடும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் வைக்காதீர்கள். மின்குழாய் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் இறங்குகிறது. குழாய் பிளாஸ்டிக் என்பதால் காந்தம் வைத்துத் தேடியும் பயனில்லை. மறுபக்கம் குளியலறை என்றால் தண்ணீர்க் குழாய் எங்கே ஏறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கதவு நிலை ஓரத்தில் சுவரின் கனத்தையும் அளந்துவிடுங்கள். பூச்சோடு சேர்த்து 4 அங்குலத்துக்கும் குறைவான தடுப்புச் சுவர் என்றால் அதில் புத்தகம் ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மாட்டும் முறை எளிது. முதல் சட்டத்தின் மேல் திருகை மட்டும் முக்கால்வாசி முடுக்கிச் சட்டத்தைத் தொங்கவிடுங்கள். ஆடி அடங்கி அதுவே தூக்குக்குண்டாக நின்றுவிடும். அந்த நிலையில் மற்றத் துளைகளுக்குப் பென்சிலால் குறியிட்டு, சட்டத்தை விலக்கித் துளைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சட்டத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். நம் வீடுகளில் கழுவிவிடும் தண்ணீர் வெளியேற வேண்டுமென்று கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். அதை நம்பினால் புத்தகங்களும் அந்த வாட்டத்திலேயே சாயும். கூரையை நம்புவதும் வேண்டாம். இரண்டு சட்டத்திலும் மேலிருந்து எண்ணி ஒரே துளையில் தாங்கியை மாட்டி, பலகையை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவே வந்ததும் குறியிடுங்கள். சட்டத்துக்கு மேல் கீழ் உண்டு. ஒன்று தலைகீழாகப் போனால் துளை வரிசை ஒத்துப்போகாது. நீளம் குறைக்க வெட்டினாலும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில்தான் வெட்ட வேண்டும்.

நடுச் சட்டம் கடைசியில். பூச்சில் குழி இருந்தால் அது சுவரில் படியாது. திருகை முடுக்கிச் சட்டத்தை வளைத்துப் படிய வைக்காதீர்கள். பின்னால் மைக்காத் துண்டுகளைச் சொருகிச் சமப்படுத்துங்கள். மூன்றில் அதிகப் பாரம் ஏறுவது நடுச் சட்டத்தின் மேல்தான்.

நீங்களே செய்யலாம். சட்டத்தைப் பிடிக்க ஓர் ஆள் கூட இருக்கட்டும். அந்த ஆள் ஆசாரியாகவே இருந்தாலும் நல்லதுதான்.

கேள்வி: புதிய அடுக்ககத்துக்குக் குடிவந்திருக்கிறோம். மாட்டிய சட்டம் ஒரு வாரத்தில் திருகோடு கழன்று வந்துவிட்டது. துளையிலிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறது. கட்டடமே மோசமானதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பயப்படாதீர்கள். உங்கள் உள்சுவர் ஏ.ஏ.சி. கட்டையால் ஆனது. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த கல். தண்ணீரில் போட்டால் மிதக்கும். உயரக் கட்டடத்தின் பாரத்தைக் குறைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் செங்கல்லுக்கான பிளக் இதில் விரியும்போது சுற்றியுள்ள கல் பொடியாகிவிடுகிறது. டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் துளையுங்கள். இந்தக் கட்டைக்கென்றே அகன்ற மரையோடு திருகி ஏறும் பிளக் கிடைக்கிறது, கடையில் ‘ஏ.ஏ.சி. பிளக்’ என்று கேளுங்கள். கழன்ற பழைய துளையிலேயே சிமென்ட் அடைத்து மீண்டும் முயல வேண்டாம். குறைந்தது ஒரு சாண் தள்ளிப் போங்கள். எத்தனை நல்ல பிளக் போட்டாலும் இந்தச் சுவரில் துணி, விளையாட்டுச் சாமான், சில புத்தகங்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனமானதை ஏற்றியே ஆக வேண்டும் என்றால், சட்டத்தின் கால் தரையில் ஊன்றி நிற்கும் வகையை வாங்குங்கள். பாரம் தரைக்குப் போய்விடும்; சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே சுவரின் வேலையாக இருக்கும்.

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்விக வீட்டின் பட்டாலை அறையில் சுவர் அலமாரி பொருத்த விரும்புகிறேன். சுவர் கண்ணாடி போல வழவழப்பானது. எந்த பிட் பயன்படுத்தலாம்?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: எதையும் பயன்படுத்தாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பல அடுக்காகத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. துளையின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தை அதே மெருகில் ஒட்டுப்போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தரையில் நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் அடுக்கு, அதாவது வரிசையாகத் துளைகள் உள்ள ‘எல்’ வடிவ இரும்புக் கால்களில் தட்டுகளை முடுக்கும் வகை, வாங்கிக்கொள்ளுங்கள். மளிகைக்கடையிலும் வக்கீல் அலுவலகத்திலும் பார்த்திருப்பீர்கள். துளைக்குத் துளை தட்டை மாற்றலாம், சுவரைத் தொட வேண்டாம். கால்களுக்கு அடியில் ரப்பர் வில்லை போடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல் என்றால் கட்டாயம் போடுங்கள். அழகு போதாது என்றால் முன்னால் ஒரு திரை.

ஆணியே அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கும் மற்றவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: சமையலறையில் கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றன. இடைவெளி ஒன்று மிகப் பெரிதாகவும் ஒன்று மிகச் சிறிதாகவும் இருக்கிறது. அவற்றை உடைத்துவிட்டு, ஏற்றி இறக்கும் தட்டு போடலாமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உடைக்காதீர்கள். கடப்பா கல் சுவருக்குள் புதைந்திருக்கிறது. அதைப் பெயர்த்தால் பூச்சு வரும், சில நேரம் பக்கத்துச் செங்கல்லும் வரும். தவிர, அரிசிச் சம்படத்தையும் கிரைண்டர் கல்லையும் அதைப் போலத் தாங்க என் கையில் வேறு சரக்கு இல்லை. பெரிய இடைவெளிக்குள்ளேயே இரு பக்கச் சுவரிலும் சிறிய சட்டங்கள் பொருத்தி ஒரு நடுத்தட்டு போடுங்கள். தூக்குகளையும் எவர்சில்வர் டப்பாக்களையும் பக்கத்தில் நிறுத்தி, மூடியைத் திறக்க மேலே நான்கு விரல் இடம் விட்டுத் துளையைத் தேர்ந்தெடுங்கள். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பாருங்கள். நீராவிக்கும் ஈரத்துக்கும் தாங்குவது அதுதான். வெட்டிய விளிம்புகளைத் திறந்து விடாமல் பட்டி ஒட்டச் சொல்லுங்கள். ஈரம் முதலில் நுழைவது அங்கேதான். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்புச் சட்டம் துரு ஏறிவிடும். துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். திருகும் அதே உலோகமாக இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே எண்ணெய்ப் புட்டிக்குத் தட்டு வேண்டாம்.

கேள்வி: இந்தத் தட்டுகளை மாட்டிய பிறகு யாரும் இடம் மாற்றுவதில்லை, பிறகு எதற்கு இந்தச் செலவு என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: யாரும் மாற்றுவதில்லை என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் மாட்டிய முதல் சில வாரங்களில் எல்லாரும் மாற்றுகிறார்கள். அகராதி நிற்காது, தொலைக்காட்சிப் பெட்டி இடிக்கும், மாமியாருக்கு எட்டாது. அப்போது தச்சரைத் திரும்பக் கூப்பிட்டுச் சுவரில் புதுத் துளை போடும் செலவோடு ஒப்பிட்டால் சட்டம் மலிவு. பிள்ளைகள் வளரும் வீட்டில் மேசைத் தட்டை ஆண்டுக்கு ஒரு துளை ஏற்றிக்கொண்டே போகலாம். இதற்காகவே இரண்டாம் முறை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாமானை முழுதும் இறக்கிவிட்டுத்தான் தாங்கியைத் தொட வேண்டும். தாங்கியின் முன்முனையைச் சற்றே உயர்த்தினால் கொக்கி விடுபடும். புதிய துளையில் மாட்டியபின் மரச் சுத்தியலால் மேலிருந்து ஒரு தட்டுத் தட்டுங்கள்; கொக்கி அடிவரை இறங்க வேண்டும். பாதி மாட்டிய கொக்கி வெளிப்பார்வைக்குச் சரியாகவே தெரியும், கையால் ஆட்டிப் பார்த்தால்தான் அகப்படும். பலகையைத் தாங்கியோடு சிறு திருகால் கீழிருந்து பிணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் ஒருவர் கை ஊன்றியதும் மறுமுனை எழும்பிவிடும். ஏறி விளையாடும் வயதில் குழந்தை இருந்தால், மிகக் கீழ்த்தட்டை இப்போதைக்குக் கழற்றிப் பரணில் போட்டுவையுங்கள். சட்டம் அப்படியே இருக்கட்டும்.