சீகன்பால்குங்கற பேரு எங்கேர்ந்து வந்துச்சு? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் பொறையாறு பக்கம். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு சிலையைப் பாத்து வளந்தவன், இப்ப டிரெஸ்டன்ல வேலை பாக்கறேன். டீம்ல இருக்கற ஜெர்மன்காரங்ககிட்ட இந்தப் பேரைச் சொன்னேன், ஒருத்தருக்கும் கேள்விப்பட்ட மாதிரியே தெரியல. ஒருத்தர் மட்டும் "ஆட்டுக்குப் பொறந்த வாலுப்பையன்னு அர்த்தம் வருதே"ன்னு சிரிச்சாரு, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நெட்ல தேடினா ஒரு சைட்ல இது பழைய பிரபு வம்சத்துப் பேரு, குடும்பச் சின்னம் பிரிண்ட் போட்டுத் தர்றோம், பணம் கட்டுங்கன்னு இருக்கு. இந்தப் பேருக்கு நெஜமா என்ன அர்த்தம், ஏன் இவ்ளோ அபூர்வமா இருக்கு, நம்ம ஊர் சாதிப் பேரு மாதிரி ஏதாவதா? அவரு மாதிரி இங்க வந்த பாதிரியாருங்க பெப்ரிசியஸ், சுவார்ட்ஸ் பேரெல்லாம் எப்படி வந்துச்சு? அவங்க ஊர்லயே இதைத் தேடிப் பாக்க முடியுமா? நேரம் கெடைக்கறப்ப எழுதுங்க சார்.

கதிரவன், டிரெஸ்டன்

அன்புள்ள கதிரவன்,

முதல்ல அந்தப் பிரிண்டுக்குப் பணம் கட்டிடாதீங்க. குடும்பச் சின்னம்ங்கறது அங்க ஒரு குறிப்பிட்ட வம்சாவளிக்குச் சொந்தம், பேருக்குச் சொந்தம் கெடையாது. ஒரே பேர் வச்சிருக்கற ரெண்டு குடும்பத்துல ஒண்ணுக்குச் சின்னம் இருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது, பேரை டைப் பண்ணினதும் சின்னம் வருதுன்னாலே அது வியாபாரம்தான். அதோட சீகன்பால்கு பிரபு வம்சமும் இல்ல. 1682 ஜூலை 10, சாக்சனியில புல்ஸ்னிட்ஸ்ங்கற சின்ன டவுன்ல பொறந்தவரு, அப்பா தானிய வியாபாரி, அவரு பேரும் பர்த்தலோமேயுஸ்தான், அப்பாவும் அம்மாவும் இவரு சின்னப் பையனா இருக்கறப்பவே தவறிட்டாங்க. அபூர்வமான பேருன்னா பெரிய எடத்துப் பேரா இருக்கும்னு நெனைக்கறது ரொம்பப் பேருக்கு வர்ற நெனைப்பு, அந்த சைட்காரன் அதை வச்சுத்தான் பொழைக்கறான். ஜெர்மன் பேர்களப் பொறுத்தவரைக்கும் கதை பெரும்பாலும் வேற மாதிரி.

அர்த்தத்துக்கு வருவோம். ட்ஸீக, அதாவது வெள்ளாடு. பால்க், அதாவது மிருகத்துலேர்ந்து உரிச்சு எடுத்த முழுத்தோல். வயித்தைக் கிழிச்சுத் தட்டையா எடுக்கற தோல் இல்ல, பை மாதிரி அப்படியே உருவி எடுக்கறது, அதுலதான் தண்ணி, ஒயின் எல்லாம் ஊத்தி வச்சாங்க, கொல்லன் பட்டறையில காத்து ஊதறதுக்கும் அதுதான், இன்னிக்கும் துருத்திக்கு ஜெர்மன்ல ப்ளாஸபால்க்னுதான் பேரு. நமக்கும் கொல்லன் ஊதறதும் துருத்தி, தமிழ் பைபிள்ல திராட்சரசம் ஊத்தி வைக்கறதும் துருத்தி, அதனால உங்களுக்கு இதைத் தனியா வெளக்க வேண்டியதில்ல. உங்க டீம்காரர் சொன்னது முழுப்பொய்யும் இல்ல, சேட்டை பண்ற புள்ளைய பால்க்னு திட்ற வழக்கம் அங்க இருக்கு, ஆனா அது அந்தச் சொல்லோட கிளை அர்த்தம், மூலம் தோல்தான். ஆட்டோட சேர்ந்து பேரா நிக்கறப்ப தோல்னு எடுக்கறதுதான் சரி. அடுத்த தடவை சிரிச்சாருன்னா ப்ளாஸபால்க்கை ஞாபகப்படுத்துங்க.

அப்ப ஆட்டுத்தோல்னு ஒரு மனுஷனுக்கு எப்படிப் பேரு வரும்? தோல் பதனிடறவரா இருக்கலாம், ஆட்டுத்தோல் வாங்கி விக்கறவரா இருக்கலாம், துருத்தி செய்யறவரா இருக்கலாம், இல்ல எப்பவும் ஒரு ஆட்டுத்தோலைப் போத்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளுக்கு ஊர்க்காரங்க வச்ச பட்டப்பேரா இருக்கலாம். என் சாய்வு தோல் தொழில் பக்கம்தான். தொழிலை நேரா சொல்லாம அந்தத் தொழில்ல கையில இருக்கற பொருளை வச்சு ஆளைக் கூப்பிடறது ஜெர்மன்ல சர்வசாதாரணம். ஆட்டை வச்சே ஒரு கூட்டம் பேரு இருக்கு, ட்ஸீகன்ஃபூஸ்னா ஆட்டுக்கால், ட்ஸீகன்ஹார்ன்னா ஆட்டுக்கொம்பு, இதெல்லாம் இன்னிக்கும் ஆளுங்க வச்சிருக்கற குடும்பப் பேருங்கதான்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெள்ளாட்டுக்கு ட்ஸீகன்னு சொல்றது மத்திய ஜெர்மனி, அதுலயும் கிழக்கு மத்தி வழக்கு, தெற்கே பவேரியா, ஸ்வாபியா, ஸ்விட்சர்லாந்து பக்கம் அதே ஆட்டுக்கு கைஸ்னு பேரு. மார்ட்டின் லூத்தர் தான் ஜெர்மன்ல மொழிபெயர்த்த பைபிள்ல ட்ஸீகன்னு எழுதினதால அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவிச்சு. அதனால ட்ஸீகன்னு ஆரம்பிக்கற பேரு தெற்கே மொளைச்சிருக்க வாய்ப்பு கம்மி, ஆல்ப்ஸ் பக்கத்து ஆளுக்கு இப்படிப் பேரு வச்சிருந்தா கைஸ்தான் வந்திருக்கும். புல்ஸ்னிட்ஸ் சாக்சனியில இருக்கு, கச்சிதமா பொருந்துது. பேரோட ஒரு பாதியே எந்தப் பக்கம் பொறந்ததுன்னு சொல்லிடுது பாருங்க.

நம்ம ஆளுங்க எழுதின விதத்தையும் சொல்லணும். இங்கிலீஷ் வழியா படிக்கறவங்க ஜீகன்பால்க்னு சொல்றாங்க, அது தப்பு. அந்த முதல் எழுத்து ஜெர்மன்ல ட்ஸ-ன்னு வரும், கடைசி எழுத்தை ஜி (g)ன்னு எழுதியிருந்தாலும் சொல் முடியற எடத்துல வல்லினமா அழுத்தித்தான் சொல்லுவாங்க, அதனால பால்க். சொல்லோட ஆரம்பத்துல ட்ஸ வராத தமிழ்ல சீகன்பால்க், சீகன்பால்குன்னு வந்தது காதால கேட்டதுக்குக் கிட்டத்தட்ட சரியான எழுத்து. தரங்கம்பாடி வழக்குதான் இங்க கெட்டிக்காரத்தனமானது, அதை விட்டுடாதீங்க.

இப்ப ஏன் அபூர்வம்ங்கற கேள்வி. உங்க கடிதத்துல இதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு.

ஜெர்மன்காரங்களுக்கும் ஒரு காலத்துல குடும்பப் பேரு கெடையாது, ஒத்தைப் பேருதான். 12-ம் நூற்றாண்டு வாக்குல மேற்கு, தெற்கு நகரங்கள்ல ஆரம்பிச்சு மெதுவா பரவிச்சு, ஒரே ஊர்ல பத்து ஹான்ஸ் இருந்தா எந்த ஹான்ஸ்னு சொல்லணும்ல, மில்லுக்கார ஹான்ஸ், கொல்லன் ஹான்ஸ், மேட்டு வீட்டு ஹான்ஸ், சிடுமூஞ்சி ஹான்ஸ். இதுல மில்லு எல்லா ஊர்லயும் இருக்கு, கொல்லனும் எல்லா ஊர்லயும் உண்டு, அதனால மியூல்லர், ஷ்மிட் ரெண்டும் ஆயிரக்கணக்கான எடத்துல தனித்தனியா பொறந்த பேருங்க, ரெண்டு மியூல்லருக்குள்ள சொந்தம் இருக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. இன்னிக்கு ஜெர்மனியில நூத்துல ஒருத்தர் கிட்டத்தட்ட மியூல்லர்தான். ஆனா ஆட்டுத்தோல்னு ஒரு ஆளைக் கூப்பிடணும்னு தோணினது எங்கயோ ஒண்ணு ரெண்டு ஊர்ல மட்டும்தான், அந்த ஒண்ணு ரெண்டு வீட்டோட வாரிசுங்கதான் அதை இத்தனை நூற்றாண்டு சுமந்துக்கிட்டு வந்திருக்காங்க. அபூர்வத்துக்கு முதல் காரணம் இதுதான், பேரு பொறந்த எடம் கம்மி.

பட்டப்பேர்ல இன்னும் விசித்திரமானதெல்லாம் இருக்கு. ஒரு முழு வாக்கியமே பேரா நிக்கும். ஹாஸன்ப்ஃளூக்னு ஒரு பேரு, கலப்பையை வெறுக்கறவன்னு அர்த்தம், ஏர் பிடிக்க மாட்டேன்னு ஓடின ஒரு பையனுக்கு வச்சிருப்பாங்க போல. கிரிம் சகோதரர்களுக்கு நெறைய கதை சொன்ன காஸல் நகரத்துக் குடும்பம் ஒண்ணுக்கு இந்தப் பேருதான், கிரிம் வீட்டுப் பொண்ணு லோட்டயும் அந்த வீட்டுக்குத்தான் மருமகளா போச்சு. கீஸவெட்டர்னா வானிலை பாக்கறவன், ஷ்லுக்கபியர்னா பியரை மடக்கு மடக்குனு குடிக்கறவன். ஒரு ஊர் ஒரு மனுஷனை எப்படிப் பாத்துச்சுங்கறது இத்தனை தலைமுறைக்கு அப்பறமும் அப்படியே நிக்குது, எனக்கு மியூல்லரைவிட இந்த மாதிரிப் பேருங்க மேலதான் பிரியம்.

ரெண்டாவது காரணம், பேரு அழியறது. குடும்பப் பேரு அப்பா வழியா மட்டும் போன காலம் அது, ஒரு வீட்டுல பொண்ணுங்க மட்டும் பொறந்தா அந்தக் கிளையில பேரு முடிஞ்சுது. 1873-ல இங்கிலாந்துல பிரான்சிஸ் கால்டன்ங்கற அறிஞர் இதையே ஒரு கணக்குப் புதிரா போட்டாரு, ஹென்றி வாட்சன்ங்கற கணிதம் தெரிஞ்ச பாதிரியார் அதுக்கு விடை தேடினாரு, அதுலேர்ந்து வந்த கணக்கு முறை இன்னிக்கு அணு சங்கிலி வினைக்கும் நோய் பரவறதுக்கும் பயன்படுது. அதுல தெரியற விஷயம், ஆரம்பத்துல ஆம்பளைங்க எண்ணிக்கை சின்னதா இருந்தா எந்தத் தப்பும் பண்ணாமலே, வெறும் தற்செயலாலயே ஒரு பேரு காணாம போயிடும். இதுல 1618-லேர்ந்து 1648 வரைக்கும் நடந்த முப்பதாண்டுப் போரைச் சேத்துக்குங்க, கொள்ளை, பஞ்சம், பிளேக்னு ஊர் ஊரா ஜனம் அழிஞ்சுது, மியூல்லருக்கு அது எண்ணிக்கையில ஒரு குறைவு, ஒரே ஊர்ல இருந்த பேருக்கு அது முடிவு. கல்யாணம் பண்ணிக்கறவங்க பொண்டாட்டி பேரையே குடும்பப் பேரா வச்சுக்கலாம்னு மேற்கு ஜெர்மனியில சட்டம் வந்தது 1976-லதான், ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா புருஷன் பேருதான்ங்கற விதியை அரசியல் சாசன கோர்ட் 1991-ல தூக்கிச்சு. அதுக்குள்ள எத்தனையோ பேரு போயாச்சு, எனக்கு இது நெஜமாவே வருத்தமான விஷயம்.

அதே சமயம் ஒண்ணு சொல்லணும், அபூர்வமா இருக்கறது அங்க அபூர்வம் இல்ல. 2005 டெலிஃபோன் இணைப்புப் பட்டியலை வச்சு மைன்ஸ், ஃப்ரைபுர்க் யுனிவர்சிட்டி ஆளுங்க குடும்பப் பேர் அட்லஸ் ஒண்ணு போட்டாங்க, அந்தப் பட்டியல்ல ஏறக்குறைய 8,50,000 வெவ்வேற பேரு இருந்துச்சு, வெளிநாட்டுக்காரங்க பேரும் ரெட்டைப் பேரும் சேத்துத்தான், அதுல பெரும்பாலானது வெகு சில பேர் மட்டும் வச்சிருக்கறது. உங்க டீம்காரங்களுக்கு ட்ஸீகன்பால்க் தெரியலங்கறதுல ஆச்சரியமே இல்ல, அவங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர் பேரே புதுசா இருக்கும்.

சாதிப் பேரான்னு கேட்டீங்க. இல்ல. தொழில் பேரு நெறைய இருக்கறதால நமக்கு அப்படித் தோணுது, ஆனா அந்தப் பேரு நெலைச்சு நின்ன கொஞ்ச காலத்துலயே ஷ்னைடர்ங்கற தையல்காரப் பேருக்காரன் ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தான், யாரு யாரைக் கட்டலாம்ங்கறதை அந்தப் பேரு தீர்மானிக்கல. சீகன்பால்கு அப்பாவே தானிய வியாபாரிதானே, தோலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

மத்தவங்க பேரு சுருக்கமா. பெப்ரிசியஸ் லத்தீன் வேஷம் போட்ட பேரு. 16-ம் நூற்றாண்டுல படிச்சவங்க தங்களோட பேரை லத்தீன்லயோ கிரேக்கத்துலயோ மாத்திக்கறது வழக்கமாச்சு, ஷ்வார்ட்ஸெர்ட் மெலாங்டன் ஆனாரு, க்ரேமர் மெர்கேட்டர் ஆனாரு. ஃபாபர்னா லத்தீன்ல கைவினைக்காரன், கொல்லன், அதனால ஃபாப்ரிசியஸுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு ஷ்மிட் நிப்பாரு. சுவார்ட்ஸ் கறுப்பு, முடியோ நெறமோ பாத்து வச்சது, ஏகப்பட்ட பேருக்கு இருக்கு. புல்ஸ்னிட்ஸ் பக்கத்து ஊரு காமென்ஸ், அங்க பொறந்த நாடக ஆசிரியர் லெஸ்ஸிங்கோட பேரு ஸ்லாவிய மூலம், காட்டுல குடியிருக்கறவன்னு அர்த்தம், அந்தப் பகுதியில சோர்பியன்ங்கற ஸ்லாவிய மொழி இன்னிக்கும் பேசறாங்க. அதனால அந்தப் பக்கத்துப் பேரு எதையும் ஜெர்மன் அகராதியை மட்டும் வச்சுப் பிரிச்சுடக் கூடாது, ட்ஸீகன்பால்க் சுத்த ஜெர்மனா இருக்கறது நம்ம அதிர்ஷ்டம்.

டிரெஸ்டன்ல இருக்கீங்க, காமென்ஸ் போற ட்ரெயின்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள புல்ஸ்னிட்ஸ். ஒரு நாள் போயிட்டு வாங்க, இஞ்சி, கிராம்பு வாசனையோட ப்ஃபெஃபர்கூகன்னு ஒரு கேக் அந்த ஊர்ல பரம்பரையா பண்றாங்க, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி போனா நல்லது. தேடணும்னா சர்ச் பதிவேட்டுலேர்ந்து ஆரம்பிங்க, ஜெர்மனி முழுக்க அரசாங்கப் பதிவு வந்ததே 1876-லதான், அதுக்கு முன்னாடி ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் பாதிரியார் கையெழுத்துல, பழைய குர்ரெண்ட் எழுத்துல இருக்கும், அந்த எழுத்தை முதல்ல கொஞ்சம் பழகிக்குங்க. அவரு காதுல விழுந்தபடி எழுதுவாரு, அதனால ஒரே குடும்பம் நடுவுல ஒரு எழுத்து கூடி, கடைசியில க, க்க மாறி ரெண்டு மூணு விதமா வரலாம், ஒரு ஸ்பெல்லிங்கைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விட்டுடாதீங்க. பொம்பளைங்க பேரைத் தேடறப்ப கடைசியில -இன் சேத்துப் பாருங்க, இசையமைப்பாளர் பாஹ் சம்சாரம் பாஹின்னு கையெழுத்துப் போட்ட மாதிரி அந்த வீட்டுப் பொண்ணுங்களும் ட்ஸீகன்பால்கின்னு பதிவாகியிருப்பாங்க. ஏதாவது பக்கம் கெடைச்சா போட்டோ எடுத்து அனுப்புங்க, சேந்து படிச்சுப் பாக்கலாம்.