கேமரா வாங்குவதற்கு முன் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 10 அடிக்கு 10 அடி அறை ஒன்றை ஒதுக்கி, அங்கிருந்து வாடிக்கையாளர் கூட்டங்களையும் பயிற்சி வகுப்புகளையும் இணையவழியில் நடத்துகிறேன். வெறும் சுவர், டைல்ஸ் தரை, ஒரு மேசை, ஒரு லேப்டாப். "கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது" என்று இருவர் சொல்லிவிட்டார்கள். கையிலிருக்கும் பணத்துக்கு 4கே கேமரா ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பின்னணியை மாற்றிக்காட்டப் பயன்படும் பச்சைத் திரையும் வாங்க வேண்டுமா?

பதில்: கேமராவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். உங்களிடம் குறை சொன்ன இருவரும் குரலைப் பற்றித்தான் சொன்னார்கள், படத்தைப் பற்றி அல்ல. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். குரல் தெளிவாக இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்தே களைத்துப்போவார். நன்றாகத் தயாரித்த ஒரு பேச்சு அப்படி வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அறையில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் 'ட்ர்ர்' என்று ஓர் அதிர்வு மிச்சமிருக்கிறதா? எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மாறி மாறி மோதித் திரும்புவதுதான் அது. நேரில் பேசும்போது நம் இரு காதுகளும் மூளையும் சேர்ந்து இதைப் பெருமளவு ஒதுக்கிவிடுகின்றன. மைக் எதையும் ஒதுக்காது. உங்கள் குரலையும் சுவரிலிருந்து திரும்பும் குரலையும் ஒன்றாகக் கலந்து அனுப்பிவிடும். கிணறு வருவது அங்கிருந்துதான்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது, மைக்கை வாயருகே கொண்டுவருவது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்கில் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) உயரும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அதே அளவிலேயே இருக்கும். லேப்டாப்பின் மைக் உங்களிடமிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். தனி மைக் ஒன்றை 15 சென்டிமீட்டரில் வைத்தால் இந்தப் பாதியாக்கல் இரண்டு முறை நடக்கிறது, அதாவது 12 டெசிபல். மென்பொருளால் இந்த அளவுக்குச் சுத்தமாகப் பெறுவது கடினமான முன்னேற்றம் இது. மைக்கை நேராக வாய்க்கு முன்னால் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாயை நோக்கித் திருப்புங்கள். 'ப' போன்ற எழுத்துகளில் வெளிவரும் காற்று அதில் மோதாது.

வாங்கும்போது 'கார்டியாய்ட்' வகை யுஎஸ்பி மைக்காகப் பாருங்கள். அது முன்பக்கத்து ஒலியை நன்றாக எடுத்து, பின்பக்கத்து ஒலியைப் பெரிதும் தவிர்க்கும். மின்விசிறியை நிறுத்த முடியாத அறையில் மைக்கின் முதுகு விசிறியைப் பார்க்கும்படி வையுங்கள். மேசைமேல் நிற்கும் மைக் ஒவ்வொரு விசைத்தட்டலையும் மேசை வழியாக வாங்கிக்கொள்ளும். மைக்கை மேசைக்கு மேலே தொங்கவிடும் கைத்தாங்கி (பூம் ஆர்ம்) ஒன்றைப் பொருத்தினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இரண்டாவது மருந்து துணி. பலர் தங்களுக்கு முன்னால் இருக்கும் சுவரில்தான் எதையாவது ஒட்டுகிறார்கள். மைக் உங்களை நோக்கி இருக்கிறது. ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் அது 'கேட்கிறது'. அங்கே கனமான திரைச்சீலை ஒன்றை மடிப்புகள் விழும்படி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். எதிரொலி குறையும், பார்ப்பவர்களுக்கு அமைதியான பின்னணியும் கிடைக்கும். தரையில் தடித்த விரிப்பு ஒன்று, பக்கச் சுவரோரம் நிறைந்த புத்தக அலமாரி ஒன்று, இவை போதும். மெல்லிய ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் கீச்சான ஒலிகளைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி. தெரு இரைச்சலைத் தடுக்கவே தடுக்காது. சதுர அறை என்பதால் சரியாக நடுவில் உட்காராதீர்கள். பிறகு மறுபடியும் கைதட்டிப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே கேட்கும்.

ப்ளூடூத் ஹெட்போன் பற்றியும் ஒரு வார்த்தை. இசை கேட்க அருமையாக இருக்கும் அதே கருவி, அதன் மைக்கை இயக்கியதும் பெரும்பாலும் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு இறங்கிவிடும். குரலின் மேல் அதிர்வெண்கள் வெட்டப்பட்டு 'ச'வும் 'ஷ'வும் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கும். கேட்பதற்குக் கம்பியுள்ள இயர்போன், பேசுவதற்குத் தனி மைக், இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

அடுத்தது வெளிச்சம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நீங்கள் நிழலுருவம்தான். மேசையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஆனால் மேகம் வந்து போகும்போதெல்லாம் முகம் இருண்டு வெளிறும். நீண்ட வகுப்புகளுக்குத் திரைச்சீலையை மூடிவிட்டு விளக்கை நம்புவது மேல். விளக்கு கண்மட்டத்துக்குச் சற்று மேலே, முகத்துக்கு 45 பாகை பக்கவாட்டில் இருக்கட்டும். நேரடியாக முகத்தில் அடிக்காமல் முன்னால் உள்ள வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் நிழல் மென்மையாகும். மஞ்சள் பல்பையும் பகல் வெளிச்சத்தையும் கலக்காதீர்கள். ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் கெல்வின் அளவில் ஒன்று ஏறக்குறைய 3000, மற்றது 5500. எதை வெள்ளை என்று கொள்வது எனக் கேமரா குழம்பி, உங்கள் ஒரு கன்னத்தை ஆரஞ்சாகவும் மற்றதை நீலமாகவும் காட்டும். கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடியில் விளக்கு தெரிவது நிற்கும்வரை அதை உயர்த்துங்கள். திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். வெள்ளை ஸ்லைடிலிருந்து கறுப்பு ஸ்லைடுக்கு மாறும்போது முகம் பளிச்சிட்டு அணைவதை உங்கள் பழைய பதிவில் பார்த்திருப்பீர்கள்.

இனி கேமரா. கூட்ட மென்பொருள்கள் பெரும்பாலும் 4கே-யைவிட மிகக் குறைந்த புள்ளிகள் கொண்ட 720பி அல்லது 1080பி அளவில்தான் படத்தை அனுப்புகின்றன. 4கே கேமராவின் கூடுதல் புள்ளிகள் உங்கள் வீட்டைத் தாண்டுவதே இல்லை. நல்ல வெளிச்சத்தில் உங்கள் கைப்பேசியின் பின்பக்கக் கேமராவே லேப்டாப் கேமராவை வென்றுவிடும். பல கைப்பேசிகளை இப்போது வெப்கேமராவாக இணைக்க முடிகிறது. கண்மட்டத்தில் வையுங்கள், கையை நீட்டினால் எட்டும் தூரத்துக்குக் குறையாமல் வையுங்கள், மிக அருகில் வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். லேப்டாப் திரையில் பங்கேற்பாளர்களின் முகங்கள் தெரியும் சட்டகத்தைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே நகர்த்திவிடுங்கள். அவர்களைப் பார்ப்பதே கேமராவைப் பார்ப்பதாகிவிடும்.

பச்சைத் திரை வேண்டாம். சிறிய அறையில் அதற்கும் உங்களுக்கும் போதிய இடைவெளி கிடைக்காது. பச்சை நிறம் தோளிலும் முடியிலும் பிரதிபலிக்கும்.

இணைய இணைப்பில் ஒன்றே ஒன்று: ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். 1080பி படத்துக்குச் சுமார் 4 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகம் போதும், அது பலரிடம் இருக்கிறது. சிக்கல் வேகத்தில் இல்லை, சீரின்மையில்தான். வைஃபை அரை நொடி தடுமாறினால் ஒரு சொல் விழுந்துவிடும். புகைப்படங்களைத் தானாகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் கைப்பேசிகளையும் அந்த நேரத்துக்கு நிறுத்திவையுங்கள்.

எல்லாம் அமைந்த பிறகு, கூட்டத்துக்கு முந்தைய நாள், கூட்டம் நடக்கப்போகும் அதே மணி நேரத்தில் 3 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். காலை 11 மணியின் வெளிச்சமும் இரைச்சலும் வேறு, இரவு 9 மணியின் வெளிச்சமும் இரைச்சலும் வேறு. பதிவை முதலில் கண்ணை மூடிக்கொண்டு இயர்போனில் கேளுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு படம் உங்களுக்குப் போதவில்லை என்று தோன்றினால், அப்போது கேமரா வாங்குங்கள்.