பி0135 கோடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை உடனே மாற்றணுமா?

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கீங்க: பெட்ரோல் கார், செக் என்ஜின் லைட், ஸ்கேனரில் பி0135 (P0135) என்ற பழுதுக் கோடு, மைலேஜும் குறைவு. அவசரப்பட்டு சென்சார் வாங்கிடாதீங்க.

அந்தக் கோடு, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டை, அதாவது சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றைத்தான் காட்டுதுங்க. ஃபியூஸ், கனெக்டர், ஒயர் மூணையும் முதலில் பாருங்க. எலி கடிச்ச ஒயருக்குப் புது சென்சார் மாட்டினா காசுதான் நட்டம். எல்லாம் சரியா இருந்தா, கனெக்டரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்க. நல்ல ஹீட்டர் சில ஓம்ஸ் காட்டும். ஓ.எல். (OL, அதாவது இணைப்பே இல்லை) காட்டினால் ஹீட்டர் அறுந்துபோச்சு, சென்சாரை மாத்தியே ஆகணும்.

பெரும்பாலும் 22 மி.மீ. சாக்கெட் போதும். சைலன்சர் லேசா சூடா இருக்கும்போது கழற்றினால் மரை கெடாது. புதுசின் முனையில் கிரீஸ் படவே கூடாதுங்க. ஸ்கேனரில் அந்தப் பழுதுக் கோடு அழிச்சிட்டு, பெருந்துறை வரை ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க.