ஃபார்முலா 1 டர்போ ஹைப்ரிட் எஞ்சின்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: சார், பழைய வி8 சத்தம் எங்கே போயிற்று?

டர்பைனுக்குள், அதாவது புகை சுழற்றும் சக்கரத்துக்குள் போயிற்று. 2013 வரை ஓடிய 2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுற்றும். 2014இல் வந்த 1.6 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) டர்போவுக்கு வரம்பு 15,000. அதையும் யாரும் தொடவில்லை. 10,500 சுற்றுக்கு மேல் எரிபொருள் மணிக்கு 100 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது 2025 வரை இருந்த விதி; கூடுதல் சுற்றால் லாபமிருக்கவில்லை. புகையோடு வீணான ஆற்றலில் ஒரு பங்கைத்தான் நாம் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேள்வி: எம்ஜியு-கே, எம்ஜியு-ஹெச் இரண்டும் குழப்புகிறது அண்ணா.

எம்ஜியு என்பது மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் மாறி மாறி வேலை செய்யும் இயந்திரம். கே, எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைந்தது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுக்கும், வேகமெடுக்கும்போது திருப்பித் தரும்; 2025 வரை அது 120 கிலோவாட். பேட்டரியிலிருந்து ஒரு லேப்புக்கு 4 மெகாஜூல்தான் கேவுக்குப் போகலாம் என்று அப்போது விதி இருந்தது. கணக்குப் போட்டால் 33 வினாடிக்கு வரும்.

2025 வரை இருந்த ஹெச்தான் அழகு. அது டர்போவின் ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஓட்டுநர் காலை எடுத்ததும் டர்போ தளரும். மறுபடி மிதிக்கும்போது அழுத்தம் ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில் ஹெச் மோட்டாராகி டர்போவைச் சுற்றிவிடும். முழு வேகத்தில் டர்பைனுக்கு, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரசர் கேட்பதைவிட அதிக பலம் கிடைக்கும். அப்போது ஹெச் ஜெனரேட்டராகி, அந்த மின்சாரத்தை நேரே கேவுக்கு அனுப்பும். இந்த வழிக்கு லேப் வரம்பே இருக்கவில்லை. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை அனுமதிக்கப்பட்ட மோட்டார் அது!

கேள்வி: 2014இல் மெர்சிடிஸ் மட்டும் எப்படி அவ்வளவு முந்தியது?

கம்ப்ரசரை எஞ்சினின் முன்னாலும் டர்பைனைப் பின்னாலும் பிரித்து வைத்தார்கள். நடுவில் ஹெச், சிலிண்டர் வரிசைகளுக்கு இடையே நீண்ட ஷாஃப்ட். உள்ளே வரும் காற்று சூடான டர்பைன் பக்கம் போக வேண்டாம். அந்த வேகத்தில் நீள ஷாஃப்ட் அதிராமல் சுற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. அந்த ஆண்டு 19 பந்தயங்களில் 16 வெற்றி. 2017இல் சோதனை மேடையில் அவர்கள் எஞ்சின் 50 சதவீத வெப்பத் திறனைத் தாண்டியது; அதாவது எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வேலையாக மாறியது. பந்தய வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய சாதனை இதுதான்.

கேள்வி: ரெட் புல் ஓட்டுநர் ரிக்கியார்டோவைத் தகுதி நீக்கம் செய்தது எதற்கு?

2014 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். மேலே சொன்ன 100 கிலோ வரம்பைக் கார் மீறியதால் இடம் பறிபோனது.

கேள்வி: ஹோண்டா ஆரம்பத்தில் ஏன் திணறியது?

மற்றவர்களைவிட ஒரு வருடம் தாமதமாக, 2015இல் மெக்லாரனோடு வந்தார்கள். எஞ்சினைச் சிறிதாக்க, கம்ப்ரசரைச் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள வி இடுக்குக்குள் அடக்கினார்கள். டர்போ சிறுத்ததால் ஹெச்சுக்குப் போதிய ஆற்றல் கிடைக்கவில்லை. 2017இல் மெர்சிடிஸ் போலப் பிரித்த அமைப்புக்கு மாறினார்கள். அப்புறம் ஹெச் அடிக்கடி பழுதானது. கடைசியில் ஹோண்டாவின் விமான எஞ்சின் பிரிவினர் வந்து கைகொடுத்தார்கள். 2019 ஆஸ்திரியாவில் ஹோண்டா எஞ்சின் பொருத்திய ரெட் புல் காரில் வெர்ஸ்டாப்பன் வென்றார், 2021இல் அவருக்கு ஓட்டுநர் பட்டமும் வந்தது.

கேள்வி: இவ்வளவு நல்ல ஹெச்சை 2026இல் ஏன் எடுத்துவிட்டார்கள்?

செலவு அதிகம், சாலைக் கார்களில் பயன்பாடு குறைவு, புதிதாக வரும் நிறுவனங்களுக்கு அது பெரிய தடை. ஆடி (Audi) கார் நிறுவனம் போன்றவர்களை உள்ளே கொண்டுவர இந்த விலை. காரணம் புரிகிறது, ஆனாலும் எனக்கு இது இழப்புதான். கே இப்போது 350 கிலோவாட். முன்பு 33 வினாடி தாங்கிய அதே 4 மெகாஜூல், இந்த வேகத்தில் செலவழித்தால் 11 வினாடியில் தீரும். திரும்ப நிரப்ப கே மட்டுமே இருக்கிறது.